சீன மரபு மருத்துவம்: நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

மருத்துவமனையில் சேரும் ஒவ்வொரு நோயாளியிடமும் தாதியரோ மருந்தாளரோ தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "தற்போது வேறு ஏதேனும் மருந்து உட்கொள்கிறீர்களா?" பலரும் "இல்லை" என்றே விடையளிக்கின்றனர். சற்று நேரம் கழித்து, கட்டிலருகே நிற்கும் மகளோ மருமகனோ, "பக்கத்து வீட்டுச் சீன அம்மா கொடுத்த வேர்களைக் கொதிக்க வைத்து வாரம் இருமுறை அருந்துகிறார். அது மருந்து இல்லையே?" என்று தயக்கத்துடன் கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்கு விடையளிக்க முயல்கிறது இக்கட்டுரை.

சிங்கப்பூரில் வாழும் தமிழர்களுக்குச் சீன மருந்துக் கடை புதியதன்று. மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் பக்கவாதத்திற்குப் பிந்திய தளர்ச்சிக்கும் 'சின்சே' எனப்படும் சீன மருத்துவரை நாடும் நம்மவர் பலர். அவ்வாறு நாடுவது தவறன்று. ஆயினும், அம்மருத்துவம் உடலை எவ்வாறு நோக்குகிறது, அதன் சிகிச்சைகளில் எவை ஆய்வுகளால் உறுதி செய்யப்பட்டுள்ளன, எவை மருத்துவமனை மருந்துகளோடு மோதக்கூடும் என்பவற்றை அறிந்திருப்பது நோயாளிக்குப் பாதுகாப்பு.

உடலைப் பற்றிய பார்வை

சீன மருத்துவத்தின் அடிப்படை நூலாகக் கருதப்படுவது 'ஹுவாங்டி நெய்ஜிங்'. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்த் தொகுக்கப்பட்ட இந்நூல், உடலை இயற்கையின் ஒரு பகுதியாகவே காண்கிறது. உடலில் 'சி' எனும் உயிராற்றல் குறிப்பிட்ட தடங்களின் வழியே ஓடுகிறது என்றும், குளிர்ச்சி, ஓய்வு ஆகியவற்றைக் குறிக்கும் 'யின்' நிலையும் வெப்பம், இயக்கம் ஆகியவற்றைக் குறிக்கும் 'யாங்' நிலையும் சமமாக இருக்கும்போது உடல் நலமாக இருக்கும் என்றும் அது விளக்குகிறது. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் எனும் ஐந்து நிலைகளோடு உடலின் உறுப்புகள் தொடர்புபடுத்தப்படுகின்றன.

சித்த மருத்துவத்தை அறிந்த நமக்கு இச்சிந்தனை முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. ஐம்பூதங்களையும் வாதம், பித்தம், கபம் என்பவற்றையும் கொண்டு உடலை விளக்கிய மரபு நம்முடையது. "இது சூடு, அது குளிர்ச்சி" என்று உணவைப் பிரித்துப் பேசும் வழக்கம் நம் வீட்டுச் சமையலறையிலும் உண்டு. சீனக் குடும்பங்களிலும் உண்டு.

ஆயினும் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். உயிராற்றல், அதன் தடங்கள் என்பன உடலை விளக்க முற்கால அறிஞர் கையாண்ட கருத்துகள். உடற்கூற்றியலில் அவற்றுக்கு நேரான உறுப்போ நாளமோ கண்டறியப்படவில்லை. எனவே சீன மருத்துவர் "சிறுநீரகம் பலவீனமாக உள்ளது" என்று கூறினால், இரத்தப் பரிசோதனை காட்டும் சிறுநீரகக் கோளாற்றை அவர் குறிப்பதாகக் கொள்ளலாகாது. அம்மரபில் 'சிறுநீரகம்' என்பது வளர்ச்சி, முதுமை, எலும்பின் வலிமை முதலியவற்றையும் உள்ளடக்கிய விரிந்த கருத்து. இவ்வேறுபாட்டை அறியாததால் வீண் அச்சம் கொண்டோரும் உண்டு. உண்மையான சிறுநீரக நோயை அலட்சியம் செய்தோரும் உண்டு.

நோயை அறியும் முறை

சீன மருத்துவர் நான்கு வழிகளில் நோயை ஆராய்கிறார். முகத்தையும் நாவையும் பார்த்தல், குரலையும் மூச்சையும் கேட்டும் முகர்ந்தும் அறிதல், உறக்கம், பசி, மலச்சிக்கல் முதலியவை பற்றி வினவுதல், நாடியைத் தொட்டறிதல் என்பன அவை. ஒவ்வொரு மணிக்கட்டிலும் மூன்று விரல்களை வைத்து மூன்று இடங்களில் நாடி பார்க்கப்படுகிறது.

ஒரே நோய்ப்பெயர் கொண்ட இருவருக்கு வெவ்வேறு மருந்து தரப்படுவது இம்முறையின் தனித்தன்மை. தலைவலியுடன் வரும் இருவரில் ஒருவர் குளிரால் நடுங்குபவராகவும் மற்றவர் வெப்பத்தால் முகம் சிவந்தவராகவும் இருந்தால், அவர்களுக்கான மருந்துகளும் வேறுபடும். ஆகவே, "எனக்கு நன்றாகக் கேட்டது" என்று அண்டை வீட்டார் தரும் மூலிகைப் பொட்டலத்தை நாம் அப்படியே அருந்துவது, சீன மருத்துவத்தின் நெறிக்கே முரணானது.

சிகிச்சை முறைகள்

மூலிகை மருந்து: பல மூலிகைகளை ஒன்றுசேர்த்துத் தருவதே பெருவழக்கு. ஒரு மருந்துக் கலவையில் ஒவ்வொரு பொருளுக்கும் அரசன், அமைச்சர், உதவியாளர், தூதர் என்ற பொறுப்பு வகுக்கப்பட்டுள்ளது. ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் சாங் சோங்ஜிங் எழுதிய 'ஷாங் ஹான் லுன்' நூலில் இடம்பெறும் கலவை ஒன்றில் கருவாப்பட்டைக் கொம்பு அரசனாகவும், பியோனி வேர் அமைச்சராகவும், இஞ்சியும் சிவப்பு இலந்தையும் உதவியாளர்களாகவும், அதிமதுரம் தூதராகவும் அமைகின்றன. லி ஷிசென் தொகுத்து 1596இல் அச்சான 'பென்சாவ் காங்மு' எனும் மருந்துப்பொருள் நூலில் 1892 பொருள்கள் விவரிக்கப்பட்டுள்ளன. இன்று மூலிகைகள் கஷாயமாக மட்டுமன்றி, தூளாகவும் மாத்திரையாகவும் கிடைக்கின்றன.

குத்தூசி சிகிச்சை: அக்குபங்சர் எனப்படும் இம்முறையில், மயிரிழை போன்ற மெல்லிய ஊசிகள் உடலின் குறிப்பிட்ட புள்ளிகளில் செருகப்படுகின்றன. 361 புள்ளிகள் தரப்படுத்தப்பட்டுள்ளன. சில வேளைகளில் ஊசிகளின் வழியே மெல்லிய மின்தூண்டலும் தரப்படும்.

மூலிகைச் சூடு: மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த மூலிகை இலைகளைச் சுருட்டிக் கொளுத்தி, தோலுக்கு அருகே பிடித்து வெப்பமூட்டும் முறை.

குவளை வைத்தல்: கண்ணாடி அல்லது மூங்கில் குவளைகளைத் தோலின் மீது ஒட்டவைத்து உறிஞ்சச் செய்யும் முறை. இதனால் தோன்றும் வட்டமான செந்நீலத் தழும்புகள் பொதுவாக ஓரிரு வாரங்களில் மறையும்.

துய்னாவும் தாய்ச்சியும்: துய்னா என்பது கைகளால் அழுத்தியும் பிசைந்தும் செய்யப்படும் சிகிச்சை. தாய்ச்சி என்பது மெதுவான அசைவுகளையும் மூச்சையும் இணைக்கும் உடற்பயிற்சி. அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளத்திலும் பூங்காக்களிலும் காலைவேளையில் முதியோர் இதைச் செய்வதை நாம் அன்றாடம் காண்கிறோம்.

இவை யாவற்றுக்கும் அடித்தளமாக இருப்பது, நோய் வந்தபின் தீர்ப்பதைவிட வருமுன் காப்பதே மேல் என்னும் எண்ணம். பருவத்திற்கேற்ற உணவு, அளவான உழைப்பு, நேரத்தோடு உறக்கம், மன அமைதி ஆகியவற்றை அம்மரபு மருந்துக்கு இணையாகவே மதிக்கிறது. மருத்துவமனை ஆலோசகர் கூறும் அறிவுரையும் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று.

ஆய்வுகள் கூறுவது என்ன?

சீன மருத்துவ நூல்களிலிருந்து உலகம் பெற்ற பெரும்பயன்களில் ஒன்று மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின். 1967இல் சீன அரசு தொடங்கிய மலேரியா ஆய்வுத் திட்டத்தில் பங்கேற்ற து யூயூ எனும் அறிவியலாளரும் அவர்தம் குழுவினரும் பழைய மருந்துக் குறிப்புகள் ஈராயிரத்தை ஆராய்ந்தனர். ஒரு குறிப்பிட்ட செடியின் சாறு சில சோதனைகளில் பயன் தந்தது. வேறு சிலவற்றில் தரவில்லை. நான்காம் நூற்றாண்டில் கெ ஹாங் எழுதிய நூலில் அச்செடியைக் கொதிக்க வைக்காமல், நீரில் ஊறவைத்துப் பிழிந்து அருந்துமாறு கூறப்பட்டிருந்தது. கொதிக்கும் வெப்பம் மருந்துப்பொருளை அழித்துவிடுகிறதோ எனக் கருதிய து யூயூ, குறைந்த வெப்பத்தில் ஆவியாகும் ஈதரைக் கொண்டு சாற்றைப் பிரித்தெடுத்தார். அச்சாறு விலங்குகளிடம் மலேரியாக் கிருமிகளை முழுமையாக அழித்தது. 2015இல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்வரலாற்றைக் கூறி, "ஆகவே மூலிகைகள் யாவும் நல்லவை" என்று முடிப்போர் உண்டு. அது உணர்த்தும் பாடம் வேறு. பழைய நூல் வழிகாட்டியது. ஆனால் பிரித்தெடுத்தல், சோதித்தல், அளவு கண்டறிதல் ஆகியவற்றுக்குப் பின்னரே அது உயிர்காக்கும் மருந்தாயிற்று. அச்செடியின் தேநீரை மலேரியாவுக்கு மருந்தாக உலகச் சுகாதார நிறுவனம் இன்றும் பரிந்துரைப்பதில்லை.

குத்தூசி சிகிச்சையைப் பொறுத்தவரை, நாட்பட்ட வலி, அறுவை சிகிச்சைக்குப் பிந்திய குமட்டல் ஆகியவற்றில் பயன் காணப்பட்டுள்ளது. மணிக்கட்டின் உட்புறத்தில், மூன்று விரல் அகலத்திற்கு மேலே உள்ள 'நெய்குவான்' புள்ளியைத் தூண்டுவது குமட்டலைக் குறைக்கிறது எனப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. நாட்பட்ட இடுப்பு வலியுடைய 1162 பேரிடம் ஜெர்மனியில் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வு கருதத்தக்கது. ஆறு மாதங்களுக்குப் பின், முறையான குத்தூசி பெற்றவர்களில் 47.6 விழுக்காட்டினர் முன்னேற்றம் கண்டனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 27.4 விழுக்காடு. ஆனால், உரிய புள்ளிகளைத் தவிர்த்து வேறிடங்களில் மேலோட்டமாக ஊசி செருகப்பட்டவர்களிலும் 44.2 விழுக்காட்டினர் முன்னேற்றம் கண்டனர். இதனால் குத்தூசி வலியைத் தணிக்க உதவக்கூடும் என்பதும், அப்பயனுக்குப் புள்ளிகளே காரணம் என்று உறுதியாகக் கூற இயலாது என்பதும் ஒருங்கே புலனாகின்றன.

தாய்ச்சிப் பயிற்சிக்கு வலுவான சான்றுகள் உள்ளன. பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரிடம் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வில், வாரம் இருமுறை ஆறு மாதங்கள் தாய்ச்சி செய்தோரின் உடல் சமநிலை மேம்பட்டது. தசைநீட்சிப் பயிற்சி செய்தோரைவிட அவர்கள் குறைவாகவே கீழே விழுந்தனர். முதியோரைப் பராமரிக்கும் குடும்பங்களுக்கு இது நற்செய்தி.

புற்றுநோய், நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு போன்ற நோய்களுக்கு மருத்துவமனைச் சிகிச்சையைக் கைவிட்டு மூலிகை மருந்தை மட்டும் நம்புவதற்கு இத்தகைய சான்று எதுவும் இல்லை. நிறுத்தப்பட்ட சிகிச்சையால் இழக்கும் மாதங்களைப் பின்னர் மீட்க முடிவதில்லை.

இயற்கையானது என்பதால் தீங்கற்றதா?

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் எடையைக் குறைக்க மூலிகை மாத்திரை உட்கொண்ட பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகங்கள் பழுதடைந்தன. பலருக்கு இரத்தச் சுத்திகரிப்போ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்பட்டது. சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் தோன்றியது. 'ஃபாங் ஜி' எனும் மூலிகைக்கு மாறாக, பெயரில் ஒத்த 'குவாங் ஃபாங் ஜி' எனும் வேறொரு மூலிகை கலந்துவிட்டதே அதற்குக் காரணம். அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்திற்கு நஞ்சு. அம்மாத்திரையை உட்கொண்டோர் எவரும் தாம் நஞ்சு உட்கொள்வதாக அறிந்திருக்கவில்லை.

2008இல் சிங்கப்பூரிலேயே ஒரு துயரம் நிகழ்ந்தது. நீரிழிவு இல்லாத 150 பேர், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைந்து பொது மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர், நால்வர் உயிரிழந்தனர். ஆண்மை ஊக்கி என்று சட்டவிரோதமாக விற்கப்பட்ட மாத்திரைகளில் நீரிழிவு மருந்தான கிளிபென்கிளமைடு மிகுந்த அளவில் கலந்திருந்தது. அவற்றுள் சில மூலிகை மருந்து எனும் போர்வையில் விற்கப்பட்டவை. முறையான சீன மருத்துவர் எவரும் தரும் மருந்தன்று அது. எனினும், மூலம் அறியாத மாத்திரை எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு இது சான்று.

இவற்றைவிட அடிக்கடி நேரக்கூடியது, நல்ல மூலிகையும் நல்ல மருந்தும் ஒன்றோடொன்று மோதுவதே. இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பட்டு, இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்ளும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். சூப்பில் சேர்க்கப்படும் டாங்குவே, டான்ஷென் ஆகிய வேர்கள் வார்ஃபரினின் விளைவை மிகுவிக்கக்கூடும். அப்போது குருதிக்கசிவு நேரலாம். ஜின்செங் அவ்விளைவைக் குறைக்கக்கூடும். அப்போது வால்வில் இரத்தம் உறையலாம். மூலிகையைப் பற்றி அறியாத மருத்துவர், இரத்தப் பரிசோதனை முடிவு மாறியதை மட்டும் கண்டு மருந்தின் அளவை மாற்றுவார். பின்னர் நோயாளி சூப்பை நிறுத்தும்போது, மாற்றிய அளவே ஆபத்தாக முடியும்.

பல கலவைகளில் இடம்பெறும் அதிமதுரத்தை மிகுதியாகவோ நெடுநாளோ உட்கொண்டால் இரத்த அழுத்தம் உயரும்; பொட்டாசியம் குறையும். நீர்பிரிக்கும் மாத்திரையோ டிகாக்சினோ உட்கொள்வோருக்கு இதனால் இதயத்துடிப்புச் சீர்குலையலாம். 'மா ஹுவாங்' மூலிகையிலுள்ள எபெட்ரின் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தும்.

"மாத்திரைக்கும் கஷாயத்திற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும்" என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. வயிற்றில் இரண்டும் கலப்பதை இடைவெளி தடுக்கலாம். ஆனால் வார்ஃபரின் போன்ற மருந்துகளோடு நிகழும் மோதல் பெரும்பாலும் கல்லீரலிலும் இரத்தத்திலும் நிகழ்வது. அதனை நேர இடைவெளி தடுக்காது.

ஊசி, சூடு, குவளை: யார் கவனமாக இருக்க வேண்டும்?

நீரிழிவால் பாதங்களில் உணர்ச்சி குறைந்தோர் மூலிகைச் சூட்டைத் தவிர்க்க வேண்டும். சுடுவதை அவர்கள் உணர்வதற்குள் தோல் வெந்து புண்ணாகிவிடும்; அப்புண் ஆறாமல் காலையே இழக்க நேரிடலாம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோர், இரத்தத் தட்டணுக்கள் குறைந்தோர், வேதிச்சிகிச்சை பெறுவோர், கர்ப்பிணிகள் ஆகியோர் ஊசியோ குவளையோ வைத்துக்கொள்ளுமுன் தம் மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும். இதயமுடுக்கி பொருத்தப்பட்டோர் மின்தூண்டலுடன் கூடிய குத்தூசியைத் தவிர்ப்பது நல்லது. மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின் வீக்கமுற்ற கையில் ஊசி செருகலாகாது. ஒவ்வொரு முறையும் புதிய, கிருமிநீக்கிய ஊசியே பயன்படுத்தப்படுகிறதா எனக் கேட்டறிய எவரும் தயங்க வேண்டியதில்லை.

யாரிடம் செல்லலாம்?

சிங்கப்பூரில் சீன மருத்துவம் சட்டத்தால் நெறிப்படுத்தப்பட்டுள்ளது. இதற்கான சட்டம் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. சீன மருத்துவர்களும் குத்தூசி மருத்துவர்களும் அரசு வாரியத்தில் பதிவு செய்துகொண்டு, நடப்புச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். பதிவுபெற்றோர் பட்டியலைப் பொதுமக்கள் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். இனமும் சமயமும் பாராமல் ஏழைகளுக்கு இலவச மருத்துவம் அளிக்கும் நோக்குடன் 1867இல் தொடங்கப்பட்ட தோங் சாய் மருத்துவ நிலையம் போன்ற நெடிய சேவை மரபும் இத்துறைக்கு இங்கு உண்டு. எனவே, செல்வதாயின் பதிவுபெற்ற மருத்துவரிடமே செல்லுங்கள்.

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் செய்ய வேண்டியவை

1. மருத்துவமனையில் தரும் மருந்தைத் தாமாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

2. உட்கொள்ளும் மூலிகை, மாத்திரை, சத்துச் சூப்பு அனைத்தையும் எழுதி வையுங்கள். சீன மருத்துவர் தந்த மருந்துச் சீட்டையும் பெட்டியையும் கைப்பேசியில் படமெடுத்து மருந்தாளரிடம் காட்டுங்கள். ஊரிலிருந்து வரும் சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கும் இது பொருந்தும்.

3. சீன மருத்துவரிடமும் உங்கள் நோய்களையும் மருத்துவமனை மருந்துகளின் பட்டியலையும் தெரிவியுங்கள்.

4. அறுவை சிகிச்சை திட்டமிடப்பட்டிருந்தால் மூலிகைகளை எப்போது நிறுத்த வேண்டும் எனக் கேளுங்கள். பொதுவாக இரண்டு வாரங்களுக்கு முன்னரே நிறுத்துமாறு கூறப்படும்.

5. உடலில் குவளைத் தழும்புகள் இருந்தால், அவற்றின் காரணத்தைத் தாதியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

6. கண் மஞ்சளாதல், சிறுநீர் கருத்தல் அல்லது குறைதல், கறுப்பு மலம், ஈறுகளில் குருதிக்கசிவு, கடும் படபடப்பு ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் மூலிகையை நிறுத்தி உடனே மருத்துவரை நாடுங்கள். மூச்சுத்திணறலோ மயக்கமோ ஏற்பட்டால் 995ஐ அழையுங்கள்.

தாங்கள் சீன மருத்துவரிடம் செல்வதை அறிந்தால் மருத்துவர் கடிந்துகொள்வார் என்ற அச்சமே பலரை மௌனமாக்குகிறது. வலியோடு வாழும் ஒருவர் நிவாரணம் தேடுவதில் குற்றம் ஏதும் இல்லை. நாங்கள் கேட்பது, மருந்தின் அளவைச் சரியாக வகுப்பதற்காகவே. அடுத்த முறை தாதியர், "வேறு ஏதேனும் மருந்து உட்கொள்கிறீர்களா?" எனக் கேட்கும்போது, பக்கத்து வீட்டு அம்மா அன்போடு தந்த அந்த வேர்களையும் மறவாமல் குறிப்பிடுங்கள். நோயாளியால் சொல்ல இயலாவிடில், அருகில் இருக்கும் நீங்கள் சொல்லுங்கள்.